மறைத்து வைக்கும் துப்பாக்கியும் வியாபாரியின் மனச்சாட்சியும்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களிலே கடை வைத்திருக்கும் நம்மவர்களிடையே இந்நாளில் ஒரு பேச்சு நடமாடுகிறது. பகாவ், கோலாப்பிலா, தம்பின், ரந்தாவ் போன்ற ஊர்களில் கடையை அடைத்துவிட்டு, அன்றைய வசூலைப் பையில் போட்டுக்கொண்டு, செம்பனைக் காட்டு வழியே இருட்டில் வீடு திரும்பும் வியாபாரி, தன் பாதுகாப்புக்கென்று சிறிய கைத்துப்பாக்கி ஒன்று வைத்துக்கொண்டால் என்ன என்பதே அந்தப் பேச்சு. கைத்தொலைபேசியிலே வெளிநாட்டுப் படங்களைப் பார்க்கும் நம் இளைஞர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தத் துப்பாக்கி இலகுவானது, எது சட்டைக்குள் தெரியாமல் அடங்கும் என்றெல்லாம் ஆராயத் தொடங்கிவிட்டார்கள். எதை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வாங்குவதே முறையா என்பதுதான் அது. அதைத்தான் இங்கே சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். சரக்கின் தன்மை தெரியாமல் பேரம் பேசுவது வியாபாரிக்கு அழகன்று.

பழைய கைத்துப்பாக்கி முழுவதும் இரும்பு. அதன் உடற்பகுதியைக் கெட்டியான பிளாஸ்டிக்கால் செய்யும் வழக்கத்தை ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம் 1970இல் தொடங்கியது. அதை உலகெங்கும் பரப்பியவர் ஆஸ்திரியாவின் காஸ்டன் குளோக். அவருடைய துப்பாக்கியை அந்நாட்டு இராணுவம் 1982இல் ஏற்றுக்கொண்டது. 1988இல் வந்த குளோக் 19 என்ற சிறிய வகை, ரவை இல்லாமல் சுமார் 600 கிராம் எடையுள்ளது; 15 ரவைகள் கொள்ளும். 2018இல் வந்த சிக் பி365 அதனினும் சிறியது; உள்ளங்கையளவே இருந்தும் 10 ரவைகள் கொள்ளும். நம் நாட்டுப் போலீசார் வைத்திருக்கும் வால்தர் பி99 என்பதும் பிளாஸ்டிக் உடல் கொண்ட இனத்தைச் சேர்ந்ததே. பிளாஸ்டிக் என்பதால் சோதனைக் கருவிக்குத் தப்பிவிடும் என்று சிலர் சொல்வது வெறுங்கதை. குழலும் மேற்பகுதியும் உருக்குதான். இவ்வகைத் துப்பாக்கிகள் பலவற்றில் கட்டை விரலால் தள்ளும் தனிப் பூட்டு கிடையாது. விசையை அழுத்தினால் வெடிக்கும். ஆகவே விசையை மூடிக் காக்கும் உறை இல்லாமல் இடுப்பிலோ பையிலோ செருகுபவன், தன் தொடையைத் தானே பணயம் வைக்கிறான்.

எடை குறைந்தது, உருவம் சிறுத்தது, மறைப்பது எளிதாயிற்று. இந்த மூன்றும் கைவினைஞனின் வெற்றிகள். ஆனால் எடை குறைந்ததனால் பொறுப்பும் குறைந்துவிட்டதா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்வி நமக்குப் புதியதன்று. 1948 ஜூன் மாதம் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது மலாயாவில் அவசர காலம் பிறந்தது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. நெகிரி செம்பிலான் தோட்டங்களும் அந்த நெருப்பில் வெந்தவையே. அந்நாளில் துரையின் இடுப்பில் துப்பாக்கி தொங்கியது. தோட்டத்து எல்லையில் துப்பாக்கியோடு காவலர் நின்றனர். காட்டுக்குள்ளும் துப்பாக்கி இருந்தது. இவற்றுக்கு நடுவே துப்பாக்கி இல்லாமல் இருந்தவன் கடைக்காரன். அரிசியும் டின் பாலும் கேட்டுக் காட்டிலிருந்து ஆள் வந்தால் கொடுத்தாலும் குற்றம், மறுத்தாலும் ஆபத்து. உணவுக் கட்டுப்பாடு நடந்த பகுதிகளில், டின்னை விற்கும்போதே அதில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு இருந்தது. காட்டில் இருப்பவன் சேமித்து வைக்கக்கூடாது என்பது அதன் நோக்கம். கணக்குப் புத்தகமும் துளையிடும் ஆணியுமே அன்றைய கடைக்காரனின் ஆயுதங்கள்.

அக்காலச் சட்டம் எத்தகையது என்பதை இரண்டு தமிழர்களின் வழக்குகள் காட்டும். தஞ்சை மண்ணில் பிறந்து, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி 1949இல் ரவாங் அருகே கைத்துப்பாக்கியோடும் சில ரவைகளோடும் பிடிபட்டார். அதைக் கண்டெடுத்துப் போலீசில் ஒப்படைக்கக் கொண்டு போனதாக அவர் கூறியதாகச் சொல்லப்படுகிறது. அந்தத் துப்பாக்கியால் அவர் யாரையும் சுட்டதாக வழக்கு இல்லை; வைத்திருந்ததே குற்றம். இந்திய அரசு பரிந்து பேசியும் பயனில்லாமல், 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். ஜொகூரில் துப்பாக்கி வைத்திருந்ததாக மரண தண்டனை பெற்ற சாம்பசிவம் என்ற மற்றொருவர், இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போராடி 1950இல் விடுதலை பெற்றார். ரவைகளைப் பற்றிய குற்றச்சாட்டில் அவர் முன்பே விடுவிக்கப்பட்டிருந்ததை மறு விசாரணையில் மதிக்காமல் விட்டது பிழை என்று அங்கே தீர்ப்பாயிற்று. ஒருவர் மாண்டார், ஒருவர் மீண்டார். இருவர் கதையும் சொல்லும் பாடம் ஒன்றே: துப்பாக்கி கையில் இருந்துவிட்டால், அதன் பேச்சே மன்றத்தில் முந்தி ஒலிக்கும், மனிதனின் பேச்சு பிந்தித்தான் கேட்கும்.

அந்தச் சட்டங்கள் போய்விட்டன. அவசர காலத்துக்குப் பின் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் 2012இல் நீக்கப்பட்டது. எனினும் இன்றைய சட்டம் எளியதென்று எண்ணிவிடக் கூடாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, மாநிலத் தலைமைப் போலீஸ் அதிகாரி கொடுக்கும் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ ரவையோ வைத்திருத்தல் ஆகாது. மீறினால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கடும் தண்டனைச் சட்டமோ, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு 14 ஆண்டு வரை சிறையும் 6க்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது. கொள்ளை போன்ற குற்றங்களின்போது துப்பாக்கியால் சுட்டால் மரணம் ஒன்றே தண்டனை என்றிருந்தது. 2023இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டு, மரணமோ நீண்டகாலச் சிறையோ என்று தீர்மானிக்கும் உரிமை நீதிபதியிடம் விடப்பட்டது. ஆகவே எல்லைக்கு அப்பாலிருந்து மலிவாகக் கிடைக்கும் என்று யாரேனும் காதில் ஓதினால், அவன் நண்பனல்லன் என்று அறிக. உரிமமற்ற துப்பாக்கியைப் பற்றி ஆராய வேண்டிய அறம் எதுவும் இல்லை. அது தவறு, அவ்வளவே. நம் கேள்வி, உரிமம் கிடைத்தாலும் வைத்துக்கொள்ளலாமா என்பதுதான்.

வேண்டும் என்பாரின் வாதத்தை நாம் குறைத்துப் பேசக் கூடாது. அதிலே நியாயம் இருக்கிறது. வங்கிப் பணம் போகும் வண்டிக்குத் துப்பாக்கிக் காவல் உண்டு. பெரும் செல்வருக்கு மெய்க்காவலர் உண்டு. பத்து மைல் செம்பனைக் காட்டு வழியில் தனியே போகும் மளிகைக் கடைக்காரனுக்கு யார் உண்டு? போலீசு நிலையம் தொலைவில் இருக்கிறது. பாராங்கத்தியோ பக்கத்தில் இருக்கிறது. தற்காப்புரிமையைச் சட்டமும் மறுக்கவில்லை. குற்றவியல் சட்டத்தின் 97ஆம் பிரிவு உடலையும் உடைமையையும் காக்கும் உரிமையைத் தருகிறது. கொள்ளையடிக்க வருபவனைத் தடுக்கையில் அவனுக்கு மரணம் நேர்ந்தாலும் அவ்வுரிமை செல்லும் என்று 103ஆம் பிரிவு கூறுகிறது. மார்க்கமும் மறுக்கவில்லை. தன் பொருளைக் காக்கும் போராட்டத்தில் கொல்லப்படுபவன் ஷஹீது என்ற கருத்து நபிமொழியில் வந்திருப்பதை நம்மில் அறியாதார் இல்லை. கோழையாக இரு என்று நமக்கு யாரும் போதிக்கவில்லை.

இவ்வளவும் உண்மை. ஆனால் அனுமதி வேறு, கடமை வேறு. பொருளுக்காகப் போராட அனுமதி இருக்கிறது. போராடியே தீர வேண்டும் என்பதில்லை. பையை விட்டெறிந்து உயிரோடு வீடு திரும்புபவன் பாவி அல்லன். மேலும் அந்த அனுமதி யாருடைய உயிரைப் பணயம் வைக்க என்பதையும் பார்க்க வேண்டும். நம் உயிரை நாம் பணயம் வைக்கிறோம். அருகே நிற்கும் கடைப் பையனின் உயிரையும், மிட்டாய் வாங்க வந்த குழந்தையின் உயிரையும் பணயம் வைக்க நமக்கு யார் உரிமை தந்தார்? ஒன்பது மில்லிமீட்டர் ரவை பலகைச் சுவரோடு நின்றுவிடுவதில்லை. குற்றவியல் சட்டத்தின் 99ஆம் பிரிவும், தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யும் உரிமை எவருக்கும் இல்லை என்று வரம்பு கட்டுகிறது. அந்த அளவை நிதானிக்கக் கிடைக்கும் நேரமோ ஒரு மூச்சுக்கும் குறைவு.

எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு கணக்குண்டு. அமெரிக்காவின் சால்ட் லேக் நகரத்துப் போலீசு அதிகாரி டென்னிஸ் டுல்லர் 1983இல் இதை எழுதினார். கத்தியோடு ஓடிவருபவன் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை வினாடியில் கடந்துவிடுகிறான். பயின்ற அதிகாரி உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறக்குறைய அதே நேரம் ஆகிறது என்றார் அவர். அந்த அதிகாரியின் துப்பாக்கி வெளியே தொங்குவது. நம் வியாபாரியின் துப்பாக்கியோ சட்டைக்குள்ளே, கைலிக்குள்ளே இருப்பது. கொள்ளைக்காரனும் 21 அடி தூரத்தில் நின்று அறிவித்துவிட்டு வருவதில்லை. 1951 அக்டோபரில் பிரேசர்மலைப் பாதையில் ஹைக்கமிஷனர் சர் ஹென்றி கர்னி, ஆயுதம் தாங்கிய காவலோடு போகும்போதே பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டார். பதுங்கியிருப்பவனுக்கே முதல் வெடி சொந்தம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இனி, மறைத்து வைப்பது என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கதவில் தொங்கும் பூட்டு திருடனின் கண்ணுக்குத் தெரிகிறது; தெரிவதால்தான் அவன் திரும்பிப் போகிறான். மறைந்திருக்கும் துப்பாக்கி அவன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அவனைத் திருப்பி அனுப்பும் வேலையை அது செய்ய இயலாது. அவன் வந்து தாக்கிய பிறகு சுடுவது ஒன்றே அதற்குள்ள வேலை. பலரும் மறைத்து வைத்திருக்கிறார்கள் என்ற பேச்சு பரவினால் திருடர்கள் அஞ்சுவார்கள் என்று அமெரிக்கர்களில் ஒரு சாரார் வாதிக்கிறார்கள். அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில், தற்காப்புக்காகப் பொது இடத்தில் துப்பாக்கி கொண்டு செல்வது குடிமக்களின் உரிமை என்றே தீர்ப்பளித்தது. ஆனால் துப்பாக்கி மலிந்த அந்நாட்டின் வாதத்தைத் துப்பாக்கி அரிதான நம் நாட்டுக்குக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? தோட்டக் கடைக்காரரிடம் துப்பாக்கி உண்டு என்ற பேச்சு பரவிய நாளில், கத்தியைக் காட்டி மிரட்ட வந்தவன் முதலில் வெட்டிவிட்டுப் பிறகு பையைத் தேடுவான். போதாக்குறைக்கு, கல்லாப்பெட்டியில் இருக்கும் பணத்தைவிடத் துப்பாக்கியே அவனுக்கு உயர்ந்த சரக்காகத் தோன்றும். நம் காவலுக்கு வாங்கியது நம்மைத் தேடி வரக் காரணமாகிவிடும்.

வெளியே உள்ள பகைவனை மட்டும் கணக்கிட்டால் போதாது. வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கிங் கவுண்டி என்ற வட்டாரத்தில் 1978 முதல் 1983 வரை துப்பாக்கியால் நேர்ந்த மரணங்களை மருத்துவர்கள் ஆராய்ந்து 1986இல் வெளியிட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்த வீட்டிலேயே நிகழ்ந்த மரணங்கள் 398. அவற்றில் வீடு புக முயன்றவனைச் சுட்டவை 2. வேறு வகையில் தற்காப்புக்காகச் சுட்டவை 7. மீதி? தற்கொலைகள் 333, குற்றக் கொலைகள் 41, கை தவறி வெடித்தவை 12. தற்காப்பால் நேர்ந்த ஒவ்வொரு மரணத்துக்கும் 37 தற்கொலைகள் என்று ஆகிறது. துப்பாக்கியைக் காட்டி மட்டும் துரத்திய நிகழ்ச்சிகள் இந்தக் கணக்கில் வரவில்லை என்று மறுப்போர் சொல்வதிலும் பொருளுண்டு. ஆயினும் 333 என்ற எண்ணைக் கடந்து போக நம் மனம் இடம் தரவில்லை. வியாபாரத்தில் நட்டம், பிள்ளையின் மனத்தாங்கல், கணவன் மனைவி சண்டை ஆகியவை எல்லா வீட்டிலும் வரும், விடிந்தால் போய்விடும். விடியும்வரை பொறுக்காத பொருளொன்று மேசை அறையில் இருந்தால் என்ன செய்வது?

இன்னும் ஒன்று உண்டு. இதைத்தான் நாம் மிக முக்கியமாகக் கருதுகிறோம். தோட்டப்புறத்து வியாபாரி வெறும் விற்பவன் அல்லன். கடன் கொடுப்பவனும் ஆவான். லின்சம் ஆனாலும், சுவாபெத்தோங் ஆனாலும், ஜெராம் பாடாங் ஆனாலும், பால்மரக் காலத்திலிருந்தே கடைக்காரரின் பற்று வரவுப் புத்தகத்தை நம்பித் தொழிலாளியின் அடுப்பு எரிந்த நாட்கள் எத்தனை! அரிசிக்கும் துணிக்கும் எழுதி வைத்து, சம்பள நாளில் வாங்கிக்கொண்டோம். எழுத்தறியாதவர் நம் எழுத்தை நம்பினார். நாம் அவர் சொல்லை நம்பினோம். அது ஓர் அமானத். பாக்கி கேட்கப் போகிறவன் இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்த மறுகணம், அந்தக் கேள்வியின் தன்மையே மாறிவிடும். அவன் அதைத் தொட வேண்டியதில்லை, காட்ட வேண்டியதில்லை. கணக்கில் தவறிருந்தால் எடுத்துச் சொல்லும் துணிவு எதிரே நிற்பவருக்கு இருக்காது. அச்சத்தால் திரும்பி வரும் கடனில் நம் ஹக்கு எவ்வளவு, அச்சத்தின் பங்கு எவ்வளவு என்று எந்தத் தராசில் நிறுப்பது? தெரியாமல் மறைத்து வைத்திருந்தாலோ, நம்மை நம்பி அருகே வந்து நிற்கும் மனிதரிடம், அவர் அறிந்தால் விலகி நிற்கக்கூடிய ஒன்றை மறைக்கிறோம். சரக்கின் குறையை மறைத்து விற்பது ஆகாதென்று அறிந்தவர்கள் நாம். இது மட்டும் எப்படி ஆகும்?

மனிதனின் மனமும் ஆயுதத்துக்கேற்ப வளையக்கூடியது. வெறுங்கையோடு போகிறவன் குடிகாரன் வைதால் ஒதுங்கிப் போகிறான். இடுப்பில் துணையிருப்பவன் ஒதுங்க வேண்டிய இடத்தில் நின்று பார்க்கிறான். பொறுமை என்பது பலவீனனின் கட்டாயமாக இருந்தவரை நமக்கு எளிதாக இருந்தது. பலம் வந்தபின் அதைக் காப்பதே சோதனை. அந்தச் சோதனையில் தேறுவோர் இருக்கலாம். எல்லோரும் தேறுவோம் என்று உறுதி கூற எவராலும் இயலாது.

அப்படியானால் கைகட்டி நிற்பதா? இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்ன சமுதாயம் நம்முடையது. கட்டும் கயிறுகள் பல இருக்கின்றன. கொள்ளைக்காரன் தேடி வருவது ரொக்கத்தை. ஆகவே ரொக்கத்தைக் குறைப்பதே முதல் கயிறு. தோட்டச் சம்பளம் வங்கிக் கணக்கில் விழும் இந்நாளில், கைத்தொலைபேசியால் பணம் செலுத்தும் கியூஆர் அட்டையைக் கடை முகப்பில் வைப்பது ஒரு நாள் வேலை. மிஞ்சிய ரொக்கத்தை ஒரே நேரத்தில் ஒரே வழியில் கொண்டு போகாமல் மாற்றிக் கொண்டு போகலாம். இருட்டுமுன் வங்கியில் சேர்க்கலாம். தனியே போகாமல் பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து போகலாம். அவர் சீனராயினும் மலாய்க்காரராயினும் அவருக்கும் அதே அச்சம் உண்டு. கொண்டு செல்லும் பணத்துக்குக் காப்புறுதி உண்டு. தகாஃபுல் முறையிலும் உண்டு. பெருந்தொகை கையாளும் நாணய மாற்றுக்காரரும் நகைக் கடைக்காரரும், அதற்கென்றே உரிமமும் பயிற்சியும் பெற்ற காவல் நிறுவனத்தாரை அமர்த்திக்கொள்ளலாம். இவற்றுக்கும் செலவுண்டு, ஆனால் இந்தச் செலவில் யார் உயிரும் போவதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, உண்மையான மிரட்டலுக்கு ஆளாகி, அதிகாரிகளே ஆராய்ந்து உரிமம் தந்த ஒருவர் நம்மிடையே இருப்பாரானால், அவரை நாம் பழிக்க மாட்டோம். ஆனால் அவருக்குக் கடமைகள் உண்டு. அங்காடியிலும் பள்ளிவாசலிலும் அம்போடு செல்பவர், பிறர்மீது கீறல் படாமல் அதன் முனையைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். உருவிய வாளை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்குவதையும் தடுத்திருக்கிறார்கள். அம்புக்கே அந்த எச்சரிக்கை என்றால் 15 ரவைத் துப்பாக்கிக்கு எவ்வளவு வேண்டும்! விசையை மூடும் நல்ல உறை, வீட்டில் இரும்புப் பெட்டி, ரவையைத் தனியே பூட்டுதல், ஓயாத பயிற்சி, கடன் கேட்கப் போகும்போது அதைக் கொண்டு போகாத கட்டுப்பாடு, மனம் கலங்கிய நாளில் அதைப் போலீசாரிடம் ஒப்படைக்கும் நேர்மை ஆகிய அனைத்தையும் ஏற்க இயலாதவர், எடை குறைந்த துப்பாக்கியைத் தேடுவதில் பயனில்லை. அதன் உண்மையான எடை 600 கிராம் அன்று.

கேள்வி கேட்டவர்களுக்கு நம் விடை இதுதான். தோட்டப்புறத்து வியாபாரி தன்னைக் காத்துக்கொள்ளக் கடமைப்பட்டவர். ஆனால் மறைத்து வைத்த துப்பாக்கி அவரைக் காப்பதைவிட, அவர் காக்க வேண்டியவர்களை ஆபத்தில் வைப்பதே அதிகம். காட்டிலும் துப்பாக்கி, காவலிலும் துப்பாக்கி என்றிருந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நம் முன்னோர்கள் துளையிடும் ஆணியோடும் கணக்குப் புத்தகத்தோடும் கடையைத் திறந்து வைத்தார்கள். அவர்களுக்கு அச்சம் இல்லாமல் இல்லை. மறுநாள் காலையில் அதே கடைக்கு அதே மக்கள் அச்சமின்றி வரவேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. நம் அன்பர்கள் தத்தம் ஊர்க் கடைக்காரர்களோடு கலந்து பேசி, மாலை வேளைகளில் யார் யாரோடு சேர்ந்து திரும்புவது என்ற சிறிய ஏற்பாட்டிலிருந்து தொடங்குவார்களாக. வல்ல நாயன் நம் உயிரையும் பொருளையும், நம் கையால் பிறர் உயிருக்குத் தீங்கு நேராமலும் காப்பானாக!